ஆயுத பூசைக்கு முன் காணாமல் போன துவக்கக் கோப்பு

என் பிரிவு விருந்தில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அண்ணே, இவ்வளவு வருசம் எப்படிப் பதறாம வேலை பார்த்தீங்க?" நான் புன்னகைத்தேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பழைய பயம் ஏதாவது நினைவுக்கு வந்தால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். மேல் உதடு பல்லில் ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அனுபவம் முதிர்ந்த புன்னகையாகத் தெரியும். இந்த ஒரு உறுப்புக் கோளாறை வைத்துக்கொண்டுதான் நான் சிரம்பானில் நல்ல பேர் வாங்கினேன்.

வயிறு சரியில்லை என்று மருத்துவர் சொன்னதால் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். அந்த வயிறு கெட்டுப்போகத் தொடங்கிய நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டளைகளை நீங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்வீர்கள். கை நடுங்கும்போது அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று புத்தகத்தில் இருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லிங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், அதற்குச் சொந்தமாக எண்ணெய் ஆலை. தோட்ட அலுவலகத்தில் ஒரு யூனிக்ஸ் இயந்திரம் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் இரண்டு திரை, ஆலை வாசலில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற எடைப்பாலத்தில் ஒரு திரை. குலை ஏற்றிய லாரி வந்தால் அந்தத் திரையில் எடை ஏறும், சீட்டு வரும், லாரி உள்ளே போகும். திரை இல்லையென்றால் லாரி ரோட்டில் நிற்கும், குலை வெயிலில் கிடந்து கெடும், ஆலை மானேஜர் தோட்ட மானேஜரைக் கூப்பிடுவார், தோட்ட மானேஜர் சிரம்பானைக் கூப்பிடுவார். சிரம்பான் என்றால் இயந்திரத்தைப் பழுது பார்க்கிற நான்.

அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆயுத பூசைக்குத்தான் வரச்சொல்லியிருந்தார்கள். சுண்டலும் வடையும் உண்டு என்பதால் அரை நாள் முன்னதாகவே போய்விட்டேன்.

எஸ்டேட்டில் ஆயுத பூசை பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று வேலை செய்கிற எல்லாப் பொருளும் ஓய வேண்டும். லாரியைக் கழுவி நிறுத்துவார்கள். குலை வெட்டுகிற நீளக் கம்பு அரிவாள்களைத் துடைத்துச் சாய்த்து வைப்பார்கள். தட்டச்சுப் பொறிக்குப் பொட்டு, எடைப்பாலத்துக்கு மாலை, ஆலை இஞ்சினுக்கு வாழைக்கன்று. மாலை ஐந்து மணிக்கு எல்லாம் நிற்கும். விஜயதசமி காலையில்தான் சாமி கும்பிட்டு மறுபடி ஓட்டுவார்கள். அதற்கு முன்னால் அவரவர் கருவியை அவரவர் சுத்தம் செய்தாக வேண்டும். அழுக்கோடு ஒரு கருவியைச் சாமி முன்னால் வைக்கிறவனை, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் விடமாட்டார்.

அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டவள் மங்கை. அப்பா அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். ஐந்தாம் படிவம் முடித்ததும் நாற்றங்காலில் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவளை, அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணிதான் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார். மானேஜருக்கு அதில் இஷ்டமில்லை. தொழிலாளர் லயத்துப் பெண்ணுக்கு மெஷின் எதற்கு என்று கேட்டாராம். வருசக் கடைசி வரை பார்ப்போம், ஒரு தப்பு நடந்தாலும் திரும்ப நாற்றங்கால்தான் என்று அவள் முன்னாலேயே சொல்லியிருந்தார். அவள் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஆனால் மெஷின் பக்கம் மானேஜரின் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் முதுகு நேராகிவிடும்.

நான் போனபோது அறை பளபளவென்று இருந்தது. விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்தையும் பஞ்சால் துடைத்திருந்தாள்.

"மங்கை, பொண்ணு பார்க்க வர்றாங்களா மெஷின?"

"வெளிய மட்டும் இல்லண்ணே. உள்ளயும் கழுவிட்டேன்."

"உள்ளயா? தண்ணியா ஊத்தின?"

"ஐயோ, இல்லண்ணே! உள்ள இருக்கிற குப்பையச் சொல்றேன். நீங்கதான் பாஸ்வேர்டு குடுத்தீங்கள்ல? அத போட்டு உள்ள போனேன். தேதி வாரியா அடுக்கிப் பார்த்தேன். வருசக்கணக்கா யாருமே தொடாத கோப்பெல்லாம் கெடக்குது! வீட்லயும் பூசைக்கு முன்னால அப்படித்தானே, ரொம்ப நாளா தொடாதத தூக்கிப் போடுவோம். அதான் தூக்க ஆரம்பிச்சேன்."

என் மேல் உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சிரித்தாள்.

"எத்தனை தூக்கின?"

"ஒண்ணுதான்னு நினைக்கிறேன்ணே. அதுக்குள்ள டீ வந்துருச்சு."

அந்த 'நினைக்கிறேன்'தான் என்னைக் கொன்றது. நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இனிட்டாப் என்கிற துவக்கக் கோப்பு இல்லை. மறுபடி பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி சுத்தமானது.

இன்று உங்கள் இயந்திரங்களில் அது வேறு பெயரில் இருக்கலாம். அந்தக் கோப்புதான் இயந்திரம் கண் விழித்ததும் முதலில் படிப்பது. எந்தத் திரையைத் திறப்பது, எதை ஓட்டுவது, எந்த வரிசையில் ஓட்டுவது, எல்லாம் அதில்தான். எஸ்டேட் பாஷையில் சொன்னால் காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கிற பெரட்டில் பேர் கூப்பிடுகிற மண்டோர். நீ இந்தக் காட்டுக்கு, நீ அந்தக் காட்டுக்கு என்று அவர் பிரித்துவிட்ட பிறகு அன்று முழுக்க அவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அடுத்த நாள் காலையில்தான் தெரியும். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு களத்திலேயே நிற்பார்கள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எடைப்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஐந்து மணிக்கு அதை அணைப்பார்கள். காலையில் மானேஜர் முன்னால், சாம்பிராணிப் புகைக்கு நடுவே போடுவார்கள். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மங்கை நாற்றங்காலுக்குப் போவாள்.

அந்த நேரத்தில் என் மூளை எனக்குத் தந்த முதல் அறிவுரை என்ன தெரியுமா? அணைத்துவிட்டு மறுபடி போடு. எதற்கும் அதுதானே நம் வைத்தியம்! கை தானாகவே சுவிட்சை நோக்கிப் போனது. மங்கை உதவி செய்கிற ஆர்வத்தில், "நான் அணைக்கவாண்ணே?" என்று குனிந்தாள்.

நான் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் பெரிய கிராணியின் பேனா கீழே விழுந்தது.

"தொடாத! யாரும் தொடாத! எடைப்பாலத்துல யாரு?"

"முனியாண்டிண்ணே."

"அவன திரையில இருந்து வெளியேற வேணாம்னு சொல்லு, பேர் போட்டபடியே இருக்கட்டும். ஒருத்தன் வெளியேறினாலும் அந்தத் திரை திரும்பத் திறக்காது. ஓடு!"

அவள் ஓடினாள். பிள்ளைகளே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அன்று நான் சரியாகச் செய்த முதல் காரியம் எதையும் செய்யாமல் இருந்ததுதான். அதுவும் அறிவால் வந்ததில்லை. பயத்தில் கை மரத்துப்போய்விட்டது. செத்துப்போன இயந்திரம் எதையும் சொல்லாது. ஓடுகிற இயந்திரத்திடம் இன்னும் கேட்கலாம். இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மங்கை திரும்பி வந்தபோது அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஓடும் வழியிலேயே புரிந்துகொண்டிருக்கிறாள்.

"அண்ணே, பெரிய தப்பா?"

"சின்னத் தப்புதான்."

"அப்புறம் ஏன்ணே உங்க காது செவந்து கெடக்குது?"

வாரா வாரம் நாடாவில் நகல் எடுப்போமே, அது இருக்கிறதே என்று கேட்டாள். இருந்தது. ஆனால் அதில் எடைக் கணக்கும் ஆள் கணக்கும் மட்டும்தான் ஏறும். நாடா சீக்கிரம் முடிந்தால் நான் சீக்கிரம் சாப்பிடப் போகலாம் என்று இயந்திரத்தின் சொந்தக் கோப்புகளை நானே விட்டுவிட்டிருந்தேன். மூல வட்டுகள் சிரம்பானில், என் முதலாளியின் அலமாரியில். அலமாரிச் சாவி முதலாளியின் சட்டைப்பையில். சட்டை ஈப்போவில் ஒரு கல்யாணத்தில்.

தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இதே மாதிரி இயந்திரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவன் என் சிநேகிதன் சவரிமுத்து. தொலைபேசி பெரிய கிராணியின் மேசையில்தான் இருந்தது. பெரிய கிராணி யாழ்ப்பாணக் குடும்பம். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் மூன்று பட்டை, பூசைச் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா. தம்பின்ல ஒரு சிநேகிதனுக்குப் போன் போடணும். பூசை வாழ்த்து சொல்ல."

"ஆருக்கு?"

"சவரிமுத்துவுக்கு."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சவரிமுத்துவுக்கு ஆயுத பூசை வாழ்த்தோ? நல்லது, சொல்லும்."

சவரி எடுத்தான். நான் கிசுகிசுத்தேன். அவன் கத்தினான்.

"என்னா மச்சான், இனிட்டாப்ப காணோமா? சட்டைப் பையில பாத்தியா?"

"சவரி, விளையாடாத லா. ஒவ்வொரு வரியா வாசி. நான் இங்க சொல்றேன், பிள்ள அடிக்கும்."

"ரேட் என்னா?"

"உன் கால்ல விழறேன்."

"அது போன தடவ குடுத்தது. சரி, எழுது. ஐ, எஸ், கோலன், ரெண்டு, கோலன்..."

நான் கதவு வழியாகக் கத்தினேன். அடுத்த அறையில் மங்கை தட்டினாள். கோலன், கோலன் என்று வரி வரியாகப் போனது. பெரிய கிராணி வெற்றிலையை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாழ்த்திலை இவ்வளவு கோலனோ?"

"அவங்க சபையில அப்படித்தாங்க ஐயா."

பாதி வந்ததும் சவரி நிறுத்தினான். குரலில் விளையாட்டு போயிருந்தது. "மச்சான், இங்க எனக்கு நாலு திரை. எடைப்பாலம் கெடையாது. உன்னோடது எந்தக் கம்பியில வருது, என்னா வேகத்துல வருது, எனக்கு எப்படி லா தெரியும்? இதுக்கு மேல நான் வாசிச்சா என் வீட்டுக் கதவத்தான் உன் வீட்ல மாட்டுவே."

அவன் சொன்னது சரி. எடைப்பாலத்தின் வரி இல்லாமல் இந்தக் கோப்பு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். அந்த வரியை எழுதியவன் நானே. என்ன எழுதினேன் என்று யோசித்தேன். தலைக்குள்ளே வடை வாசனை மட்டும்தான் இருந்தது. "இரு, வர்றேன்" என்று சவரியிடம் சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன்.

அனுபவசாலிகள் நெருக்கடியில் ஜன்னலோரம் நின்று யோசிப்பார்கள் என்று நீங்கள் படித்திருக்கலாம். நான் யோசித்த இடம் இதுதான். வெளியே மண்டோர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "எவன்டா எந்தக் காட்டுல நிக்கிறான்னு காட்டுக்குள்ள போய்ப் பாரு, என்னைய ஏன் கேக்கிற?"

அங்கேயே உட்கார்ந்தபடி வாயைப் பிளந்தேன். மண்டோர் காணாமல் போயிருக்கலாம். ஆனால் ஆட்கள் இன்னும் காட்டில்தானே இருக்கிறார்கள்? யார் எங்கே நிற்கிறான் என்று போய்ப் பார்த்தால், காலையில் அவனுக்கு என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஓடிவந்து, இந்த நேரத்தில் யார் யார் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று இயந்திரத்தைக் கேட்டேன். அலுவலகத் திரை இரண்டும் அவற்றின் கம்பிகளோடு வந்தன. மூன்றாவதாக எடைப்பாலம், முனியாண்டி உள்ளே இருந்தபடி. அந்தக் கம்பியின் பேர், வேகம், எல்லாம் அதுவே சொன்னது. நான் முதலில் கை வைக்கப்போன அந்தச் சுவிட்சை அழுத்தியிருந்தால், இதைச் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோது மறுபடி கழிவறை ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சவரியிடம் வாங்கிய மீதி வரிகளையும் எங்கள் மூன்று திரைகளையும் சேர்த்து மங்கை அடித்து முடித்தாள். நான் சரிபார்த்தேன். அவள் சரிபார்த்தாள். முனியாண்டியை ஒருமுறை வெளியேறச் சொன்னோம். கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு அவன் திரை திறந்தது.

"சரியாயிருச்சாண்ணே?"

"இது சரியாயிருச்சு. நீ வேற எதையும் தூக்கலையே?"

அவள் உதட்டைக் கடித்தாள். "நினைக்கிறேன்..."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத, தாயே."

இங்கேதான் என் கோழைத்தனம் முழு அழகோடு வெளியே வந்தது. முழுதாக அணைத்துப் போடாமல் எதுவும் நிச்சயம் இல்லை. அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. எனவே ஒரு யோசனை: ஐந்து மணிக்குத் திரையை மட்டும் அணைப்போம். பெட்டி பாட்டுக்கு உள்ளே ஓடட்டும். மேலே மாலையைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? நாளைக்குத் திரையைத் திறந்தால் ஓடுகிறது. வடை சாப்பிடலாம்.

"சாமிய ஏமாத்தவாண்ணே?" என்றாள் மங்கை.

"சாமிக்கு யூனிக்ஸ் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. "சாமிய விடுங்கண்ணே. அஞ்சு மணிக்கு இஞ்சின நிப்பாட்டுவாங்களே, கரண்டே போயிருமே?"

நான் அதை மறந்தே போனேன். தோட்டத்துக்கு மின்சாரம் ஆலை இஞ்சினிலிருந்துதான் வருகிறது. இஞ்சினும் கருவிதான். அதற்கும் பூசை. ஆலைக்கு ஓடினேன். இஞ்சின் டிரைவர் சின்னப்பன் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் இஞ்சின நிப்பாட்டாம பூசை போட முடியுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுற பெல்ட்டுல பொட்டு வெக்கச் சொல்றியா தம்பி? வெக்கிறேன். அப்புறம் என் கைய நீ பொறுக்கிக் குடுப்பியா?"

திரும்பி நடந்தேன். அந்த நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐந்து மணிக்கு அது எப்படியும் அணையும். காலையில் எழும், அல்லது எழாது. இதில் என் கையில் இருந்தது ஒன்றுதான்: அது எப்போது அணைவது என்பது. நாளைக் காலை எழவில்லையென்றால் தோட்டமே பார்க்கும், நேரமும் இருக்காது. இப்போதே எழவில்லையென்றால் பார்க்கப்போவது நாங்கள் இரண்டு பேர். கரண்டு இருக்கிறது. கூப்பிட்டால் சவரி போனை எடுப்பான். தோற்பதென்றால் இப்போதே தோற்பதுதான் நல்லது.

இது உங்களுக்குச் சாதாரண விஷயமாகத் தெரியலாம். என்னைப் போன்ற ஒருவனுக்குப் பயத்தைத் தள்ளிப்போடுவதுதான் வாழ்க்கை முறை. அதை முன்னால் இழுத்துக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

எடைப்பாலத்தில் லாரி இல்லாத நேரம் பார்த்து முனியாண்டியை டீ குடிக்க அனுப்பினோம். மங்கை விசைப்பலகையில் கை வைத்தாள். "நான் தூக்கினது. நானே அணைக்கிறேன்."

"எந்திரி."

"ஏன்ணே?"

"எந்திரின்னா எந்திரி. என் கையால நின்னுச்சுன்னா இஞ்சினியர் கெடுத்துட்டான்னு சொல்வாங்க. உன் கையால நின்னுச்சுன்னா என்னா சொல்வாங்கன்னு உனக்கே தெரியும்."

அவள் எழுந்தாள். வீரமாகத்தான் சொன்னேன். உட்கார்ந்த பிறகு அந்தக் கட்டளையை மூன்று தடவை தப்பாக அடித்தேன். கடைசியில் சரியாக விழுந்தது. திரை ஏதோ சொல்லிக்கொண்டே போய் அணைந்தது. விசிறிச் சத்தம் நின்றது. இத்தனை மாதம் அந்த அறையில் ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டேன். மங்கை எடைப்பாலத்துத் திரையைப் பார்க்க ஓடினாள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. வட்டு கரகரவென்று உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. முருகா, மாரியாத்தா, லிங்கி ஆற்றுப் பக்கம் பார்த்த சீனர்களின் தாத்தோங் சாமி என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. சவரிக்காக மாதாவையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய கிராணி சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"ஓ, அணைச்சாச்சோ? நல்லது, நல்லது. பொட்டை வைச்சிடுவம்."

"ஐயா, கொஞ்சம்..."

அவர் கேட்கவில்லை. திரையின் நடுவே பெரிய சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். விரலை எடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். பொட்டுக்குக் கீழே வெளிச்சமாக எழுத்துகள் ஓடத் தொடங்கின. வரி வரியாக ஏறி, பொட்டுக்குப் பின்னால் புகுந்து, மேலே வந்து, கடைசியில் ஒரே ஒரு வரியில் வந்து நின்றது. உள்ளே வரப்போகிறவரின் பேரைக் கேட்டது.

"என்ன தம்பி, பொட்டு வைக்க முழிக்குது?" என்றார்.

எடைப்பாலத்திலிருந்து மங்கையின் குரல். "அண்ணே! வந்துருச்சு! இங்கயும் வந்துருச்சுண்ணே!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னையும் சந்தனக் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் நெற்றியிலும் ஒன்று வைத்தார். ஓய்ந்துபோன கருவி என்று நினைத்தாரோ என்னவோ.

பூசை நன்றாக நடந்தது. ஐந்து மணிக்கு அணைப்பதற்கு முன்பே நான் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும். மங்கையிடம், "நடந்தத யார்கிட்டயும் சொல்லாத. மெஷின் ஓடுது. அவ்வளவுதான்" என்றேன். அவள் மாலையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

இரவு நான் தோட்டத்திலேயே தங்கினேன். காலையில் மானேஜர் வந்தார். கற்பூரம் காட்டினார்கள். பெரிய கிராணி மங்கையைச் சுவிட்சைப் போடச் சொன்னார். இயந்திரம் எழுந்தது. எடைப்பாலத்தில் முதல் லாரி ஏறியது. எல்லாரும் வடையைக் கையில் எடுத்தோம். மானேஜர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "மெஷினில் பிரச்சினை ஏதும் உண்டா?"

நான் "இல்லை சார்" என்று வாயைத் திறந்தேன்.

"இருந்துச்சு சார்," என்றாள் மங்கை. ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறாமல் சொன்னாள். இரவெல்லாம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "நேத்து நான் துவக்கக் கோப்ப அழிச்சிட்டேன். அப்படியே விட்டிருந்தா மெஷின் இன்னிக்கு எழுந்திருக்காது. இஞ்சினியர் சார் வந்து, நாங்க ரெண்டு பேரும் திரும்ப எழுதினோம். தப்பு என்னோடது."

முதல் நாள் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவரும் வடையைக் கடிக்கவில்லை. மானேஜர் அவளைப் பார்த்தார். அவள் முதுகு நேராக இருந்தது. கை மட்டும் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுங்கியது. பெரிய கிராணி முதலில் அவளைப் பார்த்தார், பிறகு தொலைபேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோலன் கணக்கு அவருக்கு அப்போதுதான் நேரானது.

"திரும்ப அழிந்தால் உன்னால் எழுத முடியுமா?" என்றார் மானேஜர்.

"முடியும் சார்."

"திரும்ப அழிப்பாயா?"

அவள் தலையாட்டிய வேகத்தில் பூ கீழே விழுந்தது.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "உள்ளே போகிற பாஸ்வேர்டு இப்போது யாரிடம்?"

பெருமையாகச் சொன்னேன். "மாற்றிட்டேன் சார். இனி என்கிட்ட மட்டும்தான்."

"நீ இருப்பது சிரம்பானில். மெஷின் இருப்பது இங்கே." தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டார். "அவளிடம் கொடு. இந்தத் தோட்டத்தில் அதைத் தொடுவதற்குப் பயப்படுகிற ஒரே ஆள் இப்போது அவள்தான்."

சொல்லிவிட்டு எடைப்பாலத்தைப் பார்க்கப் போய்விட்டார். வருசக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கினார்கள். நானும் அதற்குப் பிறகு பல தோட்டங்களில், செனாவாங் தொழிற்சாலைகளில், பலரிடம் பாஸ்வேர்டு என்கிற சாவியைக் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன். கையைப் பார்ப்பேன். கொஞ்சமாவது நடுங்குகிறதா என்று பார்ப்பேன். உங்களில் சிலருக்கு நான் இன்னும் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று அவளுக்குப் பாஸ்வேர்டை அவள் காதில் சொல்லிவிட்டு சிரம்பானுக்குத் திரும்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"அண்ணே, மங்கை பேசுறேன்."

எனக்கு உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. "என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. ஒரு கோப்பு இருக்குது. ரொம்பப் பழசு. பேரே புரியல."

"தொட்டியா?"

"தொடலண்ணே. முன்னால உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். பார்க்கலாமா, இல்ல பார்க்கவும் கூடாதா?"